நான்காம் திருத்தம்

தலைப்புப் பெட்டியில் ஒன்றும் எழுத வேண்டாம் என்றான்.
நீர்ப்பாசனக் கந்தோரில் பதினொரு வருடம்
மதகுக்கும் வான்கதவுக்கும் கோடு போட்ட கை;
பெயரில்லாத படம் எனக்கு அதுதான் முதல்.

"தில்லைமலர் மிஸ், ரெண்டு சில்லு, ஒரு குழாய்,
பின்னால விரியிற ரெண்டு கால்.
ட்ரக்டர்ல கொழுவி இழுக்க ஏலுமா இருக்கணும்.
மறுகா வாறன்."

என்ன மிசின் என்று நான் கேட்கவில்லை.

ட்ரேசிங் தாள் கந்தோரிலிருந்து வந்தது.
பேனை என்னுடையது.
மழைக்கால இரவில் மை லேசில் காயாது,
சிமிலி விளக்குக்கு மேலே பிடித்து
ஊதி ஊதிக் காயவைத்தேன்.

முதலாவதின் அச்சு
ஆயித்தியமலை ரோட்டின் ஒரே பள்ளத்தில் வளைந்துபோனது.
இரண்டாவதில் வெல்டிங் விட்டது.
பூபாலபிள்ளையின் பட்டறைக்குக் கரண்ட் வருவது
இரவில் ஒன்றரை மணித்தியாலம்,
அதுவும் நின்று நின்று.
ஒட்டைத் தடவினால் தெரியும்
எந்த இடத்தில் கரண்ட் போனதென்று,
எந்த இடத்தில் அந்த மனிசன்
இருட்டில் தூசணம் பேசிக்கொண்டு குந்தியிருந்தாரென்று.

மூன்றாவதை வைக்கோல் போட்டு மூடி
மண்முனைத் துறையில் பாதையில் ஏற்றிக் கடத்தினார்கள்.
பக்கத்தில் பூசணிக்காய், ஒரு கர்ப்பிணி,
இரண்டு ஆடு.

எவ்வளவு தூரம் போகும் என்று
ஏழு பேர் பந்தயம் பிடித்தார்களாம்.
எவ்வளவு பின்னால் உதைக்கும் என்று
கணக்குப் பண்ணியது நான் ஒருத்தி.
பிழையாக.

காய்ந்த மண்ணுக்குப் போட்ட கணக்கு அது.
கார்த்திகை. வட்டை முழுக்கத் தண்ணீர்.
உதைத்த உதையில் கால் இரண்டும் உளைக்குள் இறங்க
வாய் வேறு பக்கம் திரும்பியது.
அழகுப்போடியின் எருமைப்பட்டியில் நாலு உருப்படி.
பட்டி பார்த்த வெள்ளைக்குட்டிக்கு
இடது காது.

எருமைக்கு விலை பேசித் தீர்த்தார்கள்.
காதுக்கு என்ன விலை என்று
பேச வந்தவர்களுக்கும் தெரியவில்லை,
வெள்ளைக்குட்டிக்கும் தெரியவில்லை.
அவன் கேட்டது ஒரு டோர்ச்லைட்.

இதெல்லாம் எனக்குச் சொன்னது அவன்தான்,
முழங்கால்வரை சேற்றோடு வாசலில் நின்று.
"ஈர மண்ணுக்கு ஒண்டு கீறித் தாங்க மிஸ்."

கீறினேன்.
அகலமான சில்லு, தாராவின் பாதம்போல் பரந்த கால்.
ஐந்து இரவு.
அது நல்ல படம். மறைக்கத் தெரியவில்லை எனக்கு;
நான் கீறிய எந்த மதகையும்விட நல்ல படம்.
வெள்ளைக்குட்டியை நினைத்துக்கொண்டுதான் கீறினேன்,
என்றாலும் கோடு நடுங்கவில்லை.

தையில் எடுக்க வருவதாகச் சொன்னவன் வரவில்லை.
பட்டறையும் திறக்கவில்லை.
சுற்றிவளைப்பு என்று விடியற்காலை நாய் சொன்னபோது
படத்தை நாலாய்க் கிழித்து அடுப்பில் வைத்தேன்.
ட்ரேசிங் தாள் எரிகிறபோது சுருளும்,
கோடுகள் ஒன்றையொன்று கட்டிப்பிடிக்கும்.
அதில் தேத்தண்ணி வைத்து
வந்தவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்தேன்.

பென்சன் எடுத்து மூன்றாம் வருடம்,
கொக்கட்டிச்சோலை ரோட்டில் எனக்கு முன்னால்
நெல்மூட்டையோடு ஒரு பெட்டி போனது.
சைக்கிளை மிதித்து எட்டிப் பிடித்தேன்.
வட்டைக்குள் இருந்து யாரோ கத்தினார்கள்:
"சூடு எப்பகா?"
ஒரு கணம் உள்ளங்கால் குளிர்ந்தது.
நெல்லைத்தான் கேட்டார்கள்.

பெட்டி நின்றதும் குனிந்து அச்சைத் தடவினேன்.
ஒட்டில் மூன்று இடத்தில் கரண்ட் போயிருந்தது.

"என்ன அக்கா பாக்கிறீங்க?
பழைய இரும்புக் கடையில எடுத்தது. பலமான சாமான்.
ஈரத்துக்க இறக்கினாத்தான் தாழுது."

எங்கே எடுத்தது, யார் விற்றது
என்றெல்லாம் கேட்க வாய் வந்தது.
பையிலிருந்து மின்சார பில்லை எடுத்து
பின்பக்கத்தில் கீறிக் கொடுத்தேன்:
சில்லு இவ்வளவு அகலம்,
கொழுக்கி இவ்வளவு உயரம்.

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"பேர் ஒண்டும் போடல்லையே?"

பெட்டி என்று எழுதினேன்.
நெல்லுப் பெட்டி.